வாழையடியில் ஊற்றிய தேத்தண்ணி

முட்டி தேய்ந்து, மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிற வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். நாலு பேர் கூடினால் யாருக்கு எந்த உறுப்பு என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் பேச்சு. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், அடிவயிற்றில் ஒரு வலி, ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை என்றாள். "யாரோ என்னமோ வச்சிட்டாங்க போல லா" என்று அவளே சிரித்தாள். மேசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன செய்யும் என்பதைப் பத்து வயதில் பார்த்தவள் நான். பார்த்தவள் மட்டுமா, அதற்குக் கதவைத் திறந்துவிட்டவளும் நான்தான்.

உங்களில் பலருக்கு அந்தத் தேத்தண்ணிப் போத்தல் ஞாபகம் இருக்கும். சர்பத் வந்த கண்ணாடிப் போத்தலைக் கழுவி, அதில் பால்டின் ஊற்றிய தேத்தண்ணியை நிரப்பி, வாயில் கார்க்கு அடைத்து, வேலைக்காட்டுக்கு எடுத்துப் போவார்கள். எங்கள் வீட்டுப் போத்தல்களுக்குச் சட்டை உண்டு. அம்மா பழைய துணியில் தைத்தது. அப்பாவுக்குக் காக்கி, சித்தப்பாவுக்கு நீலக்கோடு, சித்திக்குச் சிவப்பில் வெள்ளைப் பூ. விடிவதற்குள் அந்த மூன்று போத்தலும் அடுப்படிப் பலகையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். மூடியைத் திறந்தால் இஞ்சியும் புகையும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனையை அப்புறம் எந்தக் கடையிலும் நான் முகர்ந்ததில்லை.

கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த தோட்டம் அது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் எங்களுடையவை. ஒன்றில் அப்பா, அம்மா, நான். மற்றதில் அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் அவர் மனைவி சித்தியும். இரண்டு வீட்டுக்கும் அடுப்பு ஒன்றுதான், அது அம்மாவின் அடுப்பு. அம்மா பிள்ளைக் கொட்டகையில் ஆயா. வேலைக்குப் போகும் பெண்கள் விட்டுப்போகும் கைக்குழந்தைகளுக்கு ஏணை ஆட்டி, கஞ்சி ஊட்டி, மூக்குச்சளி துடைப்பது அவள் வேலை. காட்டுக்குப் போகிறவர்கள் ஐந்தரைக்கெல்லாம் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க நிற்க வேண்டும். அம்மாவுக்கு அந்த அவசரம் இல்லை. அதனால் எல்லாருக்கும் தேத்தண்ணி போடும் பொறுப்பு அவளுடையது.

சித்திக்கு ஊர் பத்தாங் காலி. அங்கேயே வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பார்த்து முடித்து வைத்த கல்யாணம். சித்தி வந்து இரண்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. மெல்லிய குரல். தட்டில் போட்டதைச் சாப்பிடுவாள், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கமாட்டாள். "உன் சித்தி பேசினா நாக்கு தேஞ்சிடுமா? பேச்சுக்கு யாரு வரி போட்டது?" என்று கடைசி வீட்டுப் பெரியம்மா என்னிடம் கேட்பாள். சித்தியோடு ஒரே கும்பலில் வேலை செய்தவள் அவள். லயமே கேட்கிற மாதிரி பேசுவாள்.

அந்த வருஷம்தான் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் நின்ற கடைசிப் பால்காட்டையும் அழித்துச் செம்பனை நட்டார்கள். அதுவரை மரநிழலில் வேலை செய்த பெண்களில் பதினொரு பேரைப் புதுக்காட்டில் புல்லுக்கு மருந்தடிக்கப் போட்டார்கள். முழங்கால் உயரக் கன்றுகள், கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, நடுவில் லோரி ஓடும் செம்மண் சடக்கு. சிலுவார்க் காற்சட்டை போட்டு அதன்மேல் கைலி கட்டி, இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் கட்டி, முழுக்கைச் சட்டையும் முகத்தில் துணியுமாக, முதுகில் பம்பைத் தூக்கிக்கொண்டு, வேலை வாங்கும் மண்டோருக்குப் பின்னால் போவார்கள். திரும்பி வரும்போது எல்லாருமே ஒரே ஆள் மாதிரித் தெரிவார்கள்.

சித்திக்கு அடிவயிற்றில் வலி வந்தது அதற்கு அப்புறம்தான். முதலில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மிக்கு முன்னால் குந்தியவள் எழுந்திருக்க முடியாமல் கல்லைப் பிடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து அம்மாதான் கேட்டாள். "ஒன்னும் இல்லக்கா, சூடு" என்றாள். அம்மா வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தாள். வலி போகவில்லை.

லயத்தில் எல்லாருக்கும் முதலில் வந்த சந்தேகம் நல்ல சந்தேகம். கடைசி வீட்டுப் பெரியம்மா புளிப்பு மாங்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். பத்து நாளில் அது இல்லை என்று ஆனது. மாங்காய் கொடுத்த பெரியம்மாவே, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கமுடியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

தோட்டத்து டிரசருக்கு வந்தது வேறு சந்தேகம். திங்கட்கிழமைகளில் அவர் கிளினிக்கில் பாதி வரிசை வயிற்று வலியாகத்தான் இருக்கும். அதனால் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். "உள்ளுக்குள்ள என்னா இருக்குன்னு பாக்க வயித்துல ஜன்னலா வச்சிருக்கு?" என்று கேட்டு, வெள்ளை மருந்து ஒரு போத்தல் கொடுப்பார். சித்தி மூன்று தடவை போனாள், மூன்று போத்தல் வந்தது. மூன்றாவது தடவை, மருந்தடிக்கிற வேலை பிடிக்காமல் நடிக்கிறாள் என்று கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லியிருக்கிறார். அது சித்தப்பா காதுக்கு வந்தது. அன்றைக்குச் சித்தப்பா தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "நெசமாவே வலிக்குதா?" என்று கேட்டார். சித்தி மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் பெரட்டுக்குப் போய் நின்றாள்.

இந்த நேரத்தில்தான் அத்தை வந்து இறங்கினாள். தான் கட்டிவைத்த பெண் மெலிந்து போய்விட்டாள் என்று யாரோ பத்தாங் காலி வரைக்கும் சொல்லியிருக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் நாளைக்கு அத்தை வாசலில்தானே வந்து நிற்பார்கள். கையில் ஒரு தகர டப்பா பிஸ்கட்டோடு வந்தாள். நடுவில் ஜாம் வைத்த, ஓரத்தில் சீனி ஒட்டிய பிஸ்கட். அதில் நாலை என் கையில் வைத்து, என்னைக் கிட்ட இழுத்து உட்கார்த்தி, சித்தி என்ன சாப்பிடுகிறாள், எங்கே போகிறாள், யார் கொடுத்ததை வாங்குகிறாள், எல்லாம் பார்த்துவந்து தன்னிடம் மட்டும் சொல்லவேண்டும் என்றாள். "அம்மாகிட்ட சொல்லாத. அம்மா பயந்துக்குவா" என்றாள். அது பெரிய மனுஷி வேலை என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோட்டத்துப் பிள்ளையை நம்பி யாரும் அதுவரை எதையும் ஒப்படைத்ததில்லை பாருங்கள்.

பள்ளிக்கூடம் விட்டு நான் ஒரு மணிக்கு வீட்டில் இருப்பேன். சித்தி இரண்டு மணி வாக்கில் வருவாள். நான் கவனித்ததைச் சொல்கிறேன், நீங்களே யோசித்துப் பாருங்கள். கும்பலில் மற்றவர்கள் பம்பு வைக்கும் இஸ்தோர் முன்னால் இருக்கும் தொட்டியில் கைகால் கழுவி, கதை பேசி, மெதுவாக வருவார்கள். சித்தி மட்டும் தொட்டிப்பக்கம் நிற்காமல், கும்பலை விட்டு முன்னால் வேகவேகமாக நடந்து வருவாள். வீட்டுக்குள் வராமல் நேராக லயத்துக்குப் பின்னால், கக்கூஸ் வரிசைக்குப் பக்கத்தில் இருந்த பைப்படிக்குப் போவாள். அங்கே ஒரு வாழைக்கூட்டம். அதன் மறைவில் கொஞ்ச நேரம் நிற்பாள். அப்புறம்தான் கக்கூஸ்.

ஒருநாள் அவள் போனபிறகு நான் வாழையடியில் போய்ப் பார்த்தேன். எறும்பு மொய்த்துக் கிடந்தது. சின்னச் சிவப்பெறும்பு, மண்ணே நகர்வது போல. குனிந்து முகர்ந்தேன். இஞ்சி வாசனை. மறுநாள் மாட்டுக்கொட்டகைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன். சித்தி போத்தலின் கார்க்கைப் பல்லால் இழுத்து, அம்மா போட்டுக்கொடுத்த தேத்தண்ணியை முழுசாக, ஒரு வாய் கூடக் குடிக்காததை, தரையில் கவிழ்த்தாள். கவிழ்க்கும்போது வீட்டுப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அத்தையிடம் சொன்னேன். அவள் பிஸ்கட் டப்பாவை மூடிவைத்துவிட்டு எழுந்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு வாழையடிக்குப் போனாள். அங்கே நான் கவனிக்காத ஒன்றை அவள் கவனித்தாள். தேத்தண்ணி ஊற்றிய இடத்தைச் சுற்றி ஒரு பாய் அளவுக்குப் புல் கருகிக் கிடந்தது. பக்கத்திலெல்லாம் பச்சை, அந்த இடம் மட்டும் வைக்கோல் நிறம். அத்தை ஒரு புல்லைக் கிள்ளி, விரலில் உருட்டி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பாப்பா, இந்தத் தேத்தண்ணிய யாரு போடுறா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாததா? என் வாயால் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நான் சொன்னேன்.

இடுமருந்து என்று நம்மவர்கள் சொல்வது உங்களுக்குத் தெரியும். வேண்டாதவர்கள் சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்துவிடுவார்கள், அது வயிற்றில் உருண்டையாகத் தங்கி ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கும், டாக்டர் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். அதை எடுப்பதற்கென்றே ஆள் இருப்பார்கள். பத்தாங் காலிக்கு உள்ளே, கம்பம் என்று சொல்லும் ஒரு சின்னக் கிராமத்தில் அப்படி ஒருவர் இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை சித்தியைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். போகும்போது பலகையிலிருந்த சிவப்புச் சட்டைப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டாள். அம்மா காலையில் போத்தலைத் தேடினாள். காணோம் என்று என்னிடம் கேட்டாள். நான் தெரியாது என்றேன்.

அங்கே நடந்ததை அத்தை வந்து சொல்லித்தான் லயம் கேட்டது. அந்த மனிதர் சித்தியின் தொப்புளுக்குக் கீழே ஒரு பித்தளைக் குழாயை வைத்து, வாயால் உறிஞ்சி, வாழை இலையில் துப்பினாராம். கறுப்பாக ஒரு கட்டி, கோலிக்குண்டு அளவு. குச்சியால் பிரித்தால் உள்ளே மயிர், மாவு, அப்புறம் ஒரு சிவப்பு நூல். "குடிக்கிற பொருள்ல வந்திருக்கு. வெளியாள் இல்ல, வீட்டுக்குள்ள ஒரு கை" என்று அவர் சொன்னதாக அத்தை சொன்னாள். அந்தச் சிவப்பு நூலைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். அந்தச் சிவப்பை லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

விளக்கு வைக்கிற நேரம். அப்பா வாசற்படியில், சித்தப்பா சுவரோரம், சித்தி தலை குனிந்து கதவோரம். அம்மா உள்ளே சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். அத்தை நேராகக் கேட்டாள்.

"ஒரே கைதான் மூணு போத்தலுக்கும் ஊத்துது. ஒருத்திக்கு மட்டும் ஏன் ஒத்துக்கல?"

அம்மா வெளியே வந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. "என்ன சொல்ல வர்றீங்க அண்ணி?" என்று கேட்டாள்.

"நான் சொல்லல. புல்லு சொல்லுது. அவ ஊத்துன எடத்துல புல்லு செத்துக் கெடக்கு. உனக்கு இருக்கறதோ ஒரே பொட்டப்புள்ள. இவளுக்குப் பையன் பொறந்தா உன் வீட்டுல வெளக்கு அணைஞ்சிடும்னு பயமா?"

அம்மா சித்தியைப் பார்த்தாள். "நீ தேத்தண்ணிய ஊத்துனியா புள்ள?" என்று மட்டும் கேட்டாள். சித்தி ஆமாம் என்று தலையசைத்தாள். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. அவள் கேட்டிருக்கலாம், சித்தியும் சொல்லியிருக்கலாம். ஆண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் சித்தியால் அதைச் சொல்ல முடியாது என்பது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு அந்த மௌனம் ஒப்புதல் மாதிரி இருந்தது.

சித்திக்குக் கொஞ்ச நாள் அடுப்பைத் தனியாகப் பிரித்து வைத்துப் பார்ப்பது, வலி நிற்காவிட்டால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று அத்தை தீர்ப்பு எழுதினாள். அப்பா வாயே திறக்கவில்லை. அவருக்கு ஒரு வழக்கம்: "கேட்டா பதில் வரும், பதில் வந்தா எதாவது செய்யணும்" என்பார். அதனால் கேட்கவே மாட்டார். ஆனால் மறுநாள் விடியலில், அம்மா கொடுத்த கோப்பையை வாங்கியவர், உதட்டுக்குக் கொண்டுபோகும் முன்னால் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். அப்புறம் குடித்துவிட்டார். அம்மா அதைப் பார்த்தாள். அம்மா பார்த்ததை நான் பார்த்தேன். பதினான்கு வருஷக் குடித்தனத்தில் ஒரு மூச்சு.

என் அம்மா சண்டை போடத் தெரியாதவள் இல்லை. கொட்டகையில் இருபது குழந்தைகளை அடக்கியவள். ஆனாலும் அவள் யாரிடமும் வாதாடவில்லை. அன்று காலை ஒரு போத்தல் கூடுதலாகத் தேத்தண்ணி போட்டாள். கொட்டகைக்கு முன்னால், பெரட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கடக்கும் இடத்தில், நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினாள். நடுவில் பச்சைப் புல். பாதிப் போத்தலை அந்தப் புல்லில் ஊற்றினாள், மீதிப் பாதியை நின்றபடியே குடித்தாள். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. கடைசி வீட்டுப் பெரியம்மா நின்று, "என்னா, புல்லுக்குப் பசியாறக் குடுக்கிறியா?" என்று கேட்டாள். "ஆமா, சாகுதான்னு பாருங்க" என்றாள் அம்மா.

ஆறு நாள். புல் சாகவில்லை. எறும்பு வந்தது, அவ்வளவுதான். அத்தை அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "தான் குடிக்கிற தேத்தண்ணியில யாராவது கலப்பாங்களா?" என்று கேட்டாள் ஒருநாள். நான் அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, இந்தப் புல்லையும் வாழையடிப் புல்லையும் மாறி மாறி நினைத்துப் பார்த்தேன். ஒரே தேத்தண்ணி, ஒரே மண். எதுவோ இடிக்கிறது என்று தெரிந்தது. அது என்ன என்று தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லலாம் என்றால், என் வாயிலிருந்து கிளம்பியதுதானே எல்லாம்.

சித்தியின் வலி, கட்டி எடுத்துவந்த பிறகு இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்தது. வீட்டில் படுத்தே இருந்த இரண்டு நாள் அது. திரும்ப வேலைக்குப் போனாள், வலியும் திரும்ப வந்தது. அடுத்த திங்கட்கிழமை மதியம் சித்தி வந்தபோது நான் வாசலில் இருந்தேன். பைப்படி வரைக்கும் போகவில்லை. இடுப்புத் தாளோடும் பூட்ஸோடும் சுவரைப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உச்சி வெயில், அவளுக்குக் குளிரில் பல்லோடு பல் அடித்தது. அத்தை சாமி படத்துக்கு முன்னால் விபூதி எடுக்க ஓடினாள். நான் கொட்டகைக்கு ஓடினேன்.

அம்மா கையிலிருந்த குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். சித்தியின் நெற்றியில் கை வைத்தாள், எடுத்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சடக்கில் குலை ஏற்றிக்கொண்டு வந்த லோரிக்குக் குறுக்கே போய் நின்றாள். அத்தை பின்னாலேயே வந்து, "நீ தொடாத அவள" என்றாள்.

"தொடாம எப்படித் தூக்கறது?" என்று கேட்டுவிட்டு அம்மா சித்தியை வாரி முன்சீட்டில் ஏற்றினாள். என்னையும் பிடித்து ஏற்றினாள். அம்மாவின் மலாய் மீன் வாங்கப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற என்னைத்தான் அவள் நம்பினாள். வழியெல்லாம் பழுத்த செம்பனைக் குலையின் எண்ணெய் நாற்றமும், சித்தியின் சட்டையிலிருந்து புல் மருந்து நாற்றமும். அம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, இன்னும் கழற்றாத பூட்ஸைக் கழற்றிக் கீழே வைத்தாள். வைத்தவள் தன் கையை முகர்ந்து பார்த்தாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஒரு வயதான மலாய்க்கார மிஸ்ஸி. சித்தியின் முதுகில், விலாவுக்குக் கீழே, கையின் பக்கவாட்டால் லேசாகத் தட்டினார். சித்தி அலறிவிட்டாள். அவ்வளவு நாளில் அவள் குரல் அந்த அளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. மிஸ்ஸி அம்மாவிடம் எதையோ கேட்டார். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, சொல்லக் கூச்சமாக இருந்தது. மிஸ்ஸி என் தாடையைத் தொட்டு, கேள் என்பது மாதிரி தலையாட்டினார்.

"சித்தி, ஒரு நாளைக்கு எத்தன தடவ ஒன்னுக்குப் போவீங்கன்னு கேக்கறாங்க."

சித்தி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அங்கே ஆண்கள் யாரும் இல்லை.

"காலைல கெளம்பறதுக்கு முன்ன. அப்புறம் வீட்டுக்கு வந்துதான்."

நான் சொன்னேன். மிஸ்ஸி கேட்டார், நான் கேட்டேன்: அதுவரைக்கும் தண்ணீர்?

"குடிக்கிறதில்ல. குடிச்சா வரும்."

மிஸ்ஸி மறுபடி கேட்பதற்குள் அம்மாவே கேட்டுவிட்டாள். "ஏன் புள்ள?"

அப்போது வந்தது எல்லாம். மெல்லிய குரலில், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "அந்தக் காட்டுல ஒதுங்க ஒரு மரம் இல்லக்கா. சடக்குல லோரி போய்க்கிட்டே இருக்கு. மண்டோர் நாள் பூரா அங்கேயே நிக்கிறாரு. பம்ப எறக்கி, தாள அவுத்து, சிலுவார அவுத்து... கையெல்லாம் மருந்து, அந்தக் கையோட எப்படித் தொடறது? கழுவத் தண்ணிக்கு அர மைல் நடக்கணும்."

"அப்ப என் தேத்தண்ணி?"

"நீங்க விடியக்காலைல எழுந்து போட்டது. அப்படியே திருப்பிக் கொண்டாந்தா உங்க மனசு கஷ்டப்படும்னு... பைப்படில கையி, பூட்ஸு எல்லாம் கழுவிட்டு, அங்கேயே ஊத்திடுவேன்."

அம்மா, லோரியிலிருந்து கூடவே கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்திருந்த பூட்ஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கையும் பூட்ஸும் கழுவிய தண்ணீர். புல்லைக் கொல்லத்தானே அந்த மருந்து. வாழையடியில் அது தன் வேலையைச் செய்திருந்தது. சிவப்பு நூலைப் பற்றியும் கேட்டாள். அந்த மனிதர் எதில் குடித்தாய் என்று கேட்டு, போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்தாராம். போத்தல் சட்டையின் ஓரத்தில் நூல் பிரிந்திருந்ததைச் சித்தி அப்போதே கவனித்திருக்கிறாள். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்திருக்கிறாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை. அதுதான் இன்னும் என்னை விடாமல் இருப்பது.

"எறும்பப் பாத்தவளுக்குப் பூட்ஸத் தெரியலையா?" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாலு பிஸ்கட்டிலிருந்தே தெரிந்திருக்கிறது.

சிறுநீர்ப் பாதையில் கிருமி, அது மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது, இன்னும் நாலைந்து நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் ஒரு காகிதத்தில் இரண்டு அவரைக்கொட்டை வரைந்து காட்டினார். சித்தி ஒரு வாரத்துக்கு மேல் வார்டில் இருந்தாள். அம்மாவே கூட இருந்து பார்த்துக்கொண்டாள். ஒரு மணிக்கு ஒரு கிளாஸ் தண்ணீர், அம்மா கையால். சித்தி மறுக்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பிய அம்மா, கொட்டகைக்குப் பிள்ளையை வாங்க வந்த மருந்தடிக்கும் பெண்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, மிஸ்ஸி கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். மீதிப் பத்துப் பேரில் ஏழு பேர் "எனக்கும்தான்" என்றார்கள். எல்லாரும் சூடு என்றே நினைத்திருக்கிறார்கள். ஒருத்தி நல்லெண்ணெய் தேய்த்திருக்கிறாள், ஒருத்தி இளநீரில் சீரகம் போட்டிருக்கிறாள். லயத்தையே கூட்டுகிற குரலுள்ள கடைசி வீட்டுப் பெரியம்மாவும் அந்த ஏழில் ஒருத்தி. அவளும் இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. யாருக்கும் யாரும் ஒன்றும் வைக்கவில்லை. கம்பெனி மரத்தை வெட்டியது, அவ்வளவுதான்.

அம்மா உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து, நாலு கம்பு கோத்து, சுருட்டித் தூக்கிப்போகிற மாதிரி ஒரு மறைப்பு செய்தாள். கூடவே ஒரு தகரத்தில் தண்ணீரும் ஒரு துண்டு சோப்பும். முதல் நாள் மண்டோர், "என்னா இது, பிக்னிக்கா?" என்று கேட்டாராம். "திரும்பி நில்லு. ஒன் பொண்டாட்டி வந்தாலும் இதுக்குள்ளதான் லா போகணும்" என்று பெரியம்மா சொன்னாளாம். அவர் திரும்பி நின்றார். அப்புறம் தினமும் அந்த மறைப்பை லோரியில் ஏற்றி இறக்கியது அவர்தான்.

அத்தை கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. "கட்டிய எடுத்ததாலதான் ஆஸ்பத்திரி மருந்து வேல செஞ்சுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கெட்டவளா என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். தான் கூட்டிவந்த பெண் தன் கண்முன்னால் கரைவதைப் பார்த்துப் பயந்தவள். பயத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, பக்கத்திலிருந்தது அம்மாவின் முகம். ஆனால் அந்தப் போத்தலை அவளாகத்தான் பையில் போட்டாளா, யாராவது எடுத்துவரச் சொன்னார்களா என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

அடுப்பு மறுபடி ஒன்றானது. மூன்று வருஷம் கழித்துச் சித்திக்கு மகன் பிறந்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அந்த மாதத்துக்குப் பிறகு அம்மா சித்திக்கு எதைக் குடிக்கக் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன்னால் தான் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கொடுப்பாள். வேண்டாம்க்கா என்று சித்தி எத்தனையோ தடவை சொன்னாள். கேட்கமாட்டாள். அதனால் சித்தியும் ஒன்று செய்வாள். கோப்பையைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, அம்மாவுக்கு முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவாள். தோட்டத்தை விட்டு ரவாங்குக்குக் குடிபோன பிறகும் இதுதான். வந்து போகிறவர்கள் ஏதோ விளையாட்டு என்று நினைத்தார்கள். இரண்டு பேருமே சிரித்ததில்லை.

அம்மா போய் எட்டு வருஷம் ஆகிறது. சித்திக்கு இப்போது கண் சரியில்லை. அந்தக் கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் வழியில் ரவாங்கில் இறங்கி அவளைப் பார்க்கப் போனேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். நானே இஞ்சி தட்டித் தேத்தண்ணி போட்டேன். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, கையில் கொடுக்கப் போனவள் நின்றேன். ஒரு வாய் குடித்தேன். அப்புறம்தான் கொடுத்தேன்.

உறிஞ்சிய சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். மெதுவாகக் குடித்தாள், முழுசாக. குடித்து முடித்து, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தலையைத் திருப்பிப் பார்த்து, என் பக்கமாகக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள்.